ஆறாம் புத்தகத்தின் மூன்றாம் துண்டு

முதல் புத்தகம் வெட்டப்பட்டபோது அறையில் இருந்தவர்கள்:

அக்கா, பன்னிரண்டு வயது. நான், பத்து. சித்தி மகன், அவனுக்கும் பத்து. என்னைவிட நாற்பது நாள்தான் இளையவன் என்பதால் என்னை ஒருநாளும் அண்ணன் என்று கூப்பிடாதவன். சித்தி, நிலைப்படியில் சாய்ந்தபடி. அப்பா, தான் ஆசையாக வாங்கிவந்த பொருளுக்கு நேரப்போவதைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்தபடி. அம்மா, கையில் துணி வெட்டும் கத்தியோடு.

புத்தகம், ஒன்று.

1

ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார். "சின்ன வயசுல படிச்ச புத்தகம் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நெகிழ்ச்சியா இருந்தா நல்லது."

நெகிழ்ச்சி எனக்கு வராது. நான் கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டவன். பிறகு ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஏழு வருடம் இரவுப் பணி பார்த்து அதையும் விட்டவன். விடுவது எனக்கு நன்றாக வரும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேவலமாக நினைப்பதற்குப் பதிலாக.

ஆறு புத்தகங்கள் கொண்ட ஒரு வரிசை. பெயர் மிதவை நகரம். அதன் ஆறாம் புத்தகத்தின் கடைசி நூற்றுப்பன்னிரண்டு பக்கங்களை நானும் அக்காவும் இன்றுவரை படித்ததில்லை. அவை இருபத்து மூன்று வருடமாகச் சித்தி மகனிடம் இருக்கின்றன. கேட்டால் முதலில் "தொலைஞ்சு போச்சு" என்றான். பிறகு "எங்கேயோ இருக்கு" என்றான். பிறகு "பார்க்கலாம்" என்றான். பத்திரிகையில் எழுதப்போகிறேன், சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி அதைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தேன். இந்தக் கதை ஒரு சூழ்ச்சியாகத்தான் தொடங்கியது.

2

தொடக்கங்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) "அது ஒரு பொற்காலம். மூன்று பிள்ளைகள், ஒரு புத்தகம், ஒரு"

[விட்டுவிட்டேன். இரண்டு அறையில் ஆறு பேர், ஒரு கழிப்பறை. காலையில் அதன் வாசலில் நின்றவர்கள் யாரும் பொற்காலம் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை.]

ஆ) "புத்தகத்தை வெட்டுவது பாவம் என்று நினைக்கிற வாசகரே, உங்கள் வீட்டில்"

[வாசகரிடம் முதல் வரியிலேயே சண்டைக்குப் போகக் கூடாது. மூன்றாம் பக்கம்வரை பொறுக்கலாம்.]

இ) "ஓநாய் திரும்பிப் பார்த்தது. தன் வாழ்நாளில் முதல் முறையாக அது"

[இது நான் எழுதியது இல்லை. ஆறாம் புத்தகத்தின் இரண்டாம் துண்டு இந்த இடத்தில்தான் முடிகிறது. இந்த வாக்கியத்தின் மிச்சம் மூன்றாம் துண்டில் இருக்கிறது.]

மூன்றில் இதுதான் நல்ல தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதற்குக் காரணம் என் அம்மா.

3

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வெட்டும் பிரிவில் இருந்தாள். அப்பா பார்சல் வண்டி ஓட்டினார். அரையாண்டு விடுமுறைக்கு ஒன்று, முழு ஆண்டு விடுமுறைக்கு ஒன்று என்று அவர் மிதவை நகரத்தைத் தவணை முறையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். முதல் புத்தகம் வந்த அன்றைக்கு யார் முதலில் படிப்பது என்று மூன்று பேரும் போட்ட சண்டையில் என் உதடு கிழிந்தது. அம்மா புத்தகத்தைக் கையில் எடுத்தாள். கடைசிப் பக்கத்து எண்ணைப் பார்த்தாள். மூன்றால் வகுத்தாள். முதுகோடு சேர்த்து இரண்டு வெட்டு. ஆளுக்கு ஒரு துண்டு.

அக்காவுக்கு முதல் துண்டு, மூத்தவள் என்பதால். எனக்கு நடுத்துண்டு. சித்தி மகனுக்குக் கடைசித் துண்டு. படித்து முடித்ததும் கைமாற்றிக்கொள்ள வேண்டும். அக்காவின் துண்டு சித்தி மகனுக்கு, என்னுடையது அக்காவுக்கு, அவனுடையது எனக்கு. பிறகு இன்னொரு சுற்று. ஆறு புத்தகத்துக்கும் இதே வரிசை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்கா ஒருத்திதான் கதையைக் கதையாகப் படித்தாள். நான் நடுவில் தொடங்கி, முடிவைப் படித்து, கடைசியாகத் தொடக்கத்துக்கு வருவேன். என் துண்டுக்கு அட்டை கிடையாது. முன்னட்டை அக்காவிடம், பின்னட்டை அவனிடம். அந்தப் புத்தகங்களை எழுதியவர் யார் என்பதே எனக்குப் பல நாள் தெரியாது.* எனக்கு ஒவ்வொரு கதையும் பாதி வாக்கியத்தில்தான் தொடங்கியது. செத்தவர்கள் எல்லாரும் கடைசியில் உயிரோடு வந்து, சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் முதல் முறையாகச் சந்தித்துக் கதையை முடித்துவைத்தார்கள். மிதவை நகரம்போல மகிழ்ச்சியாக முடிகிற கதை உலகத்தில் இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

* தெரிந்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அது யாரோ ஒருவர். வெட்டியவள் என் அம்மா.

இந்தப் பகுதியை அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"கோவத்துல வெட்டின மாதிரி எழுதியிருக்க. நான் அளந்து வெட்டினேன்" என்றாள்.

"அளந்த, சரி. வாக்கியத்துக்கு நடுவுல வெட்டிட்டியேம்மா."

"துணில பூவுக்கு நடுவுல கோடு வந்தா கத்திய நிறுத்துவாங்களா? அளவுன்னா அளவு. மூணு பேருக்கும் ஒரு பக்கம் கூடக் குறையில்ல, அத எழுது."

எழுதிவிட்டேன்.

4

மிதவை நகரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. தெப்பங்களைக் கயிறால் கட்டி உண்டாக்கிய ஊர் அது. கடலில் மிதந்துகொண்டே இருக்கும். கரை எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒரு படகுக்காரன் மகள் கரையைத் தேடிப் போகிறாள். அவளோடு ஒன்று, இரண்டு என்று எண்ண மட்டும் தெரிந்த ஒரு கொக்கும், வால் இல்லாத ஓர் ஓநாயும் போகின்றன. ஓநாய் பொய் மட்டும்தான் பேசும். அது "இந்தப் பக்கம் ஆபத்து" என்றால் தைரியமாகப் போகலாம். "உன்னை எனக்குப் பிடிக்காது" என்று அது சொல்கிற இடத்தில் அக்கா ஒவ்வொரு முறையும் மூக்கை உறிஞ்சுவாள்.

மூன்று வருடம் எங்கள் வீட்டில் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பசிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்போம். இல்லை என்றதால் சித்தி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். பிறகு மூன்று பேரும் அழுவோம்.

சித்தி மகனுக்கு நாங்கள் வைத்த பெயர் கிளைமாக்ஸ். இனி அப்படியே சொல்கிறேன். முடிவு அவனிடம் இருந்தது. அதை வைத்து எங்களை ஆட்டிப்படைத்தான். நாங்கள் இருபதாம் பக்கத்தில் இருக்கும்போதே அவன் தன் துண்டை முடித்துவிட்டு, நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மல்லாந்து படுத்து, பெருமூச்சு விடுவான்.

"என்னடா ஆச்சு?" என்பாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. நீ படி. தாங்கிக்குவியான்னுதான் தெரியல."

மூன்றாம் புத்தகத்தில் தெப்ப ராணி செத்துப்போவாள் என்று சொல்லி அக்காவை மூன்று நாள் அழவிட்டான். அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கடைசித் துண்டுக்கு வந்தால் ராணி நன்றாகத்தான் இருந்தாள். அக்கா செருப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படிவரை துரத்தினாள்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்கா. ஓநாய் மாதிரி."

இந்த இடத்தில், எழுதிக்கொண்டிருந்த நான் நிறுத்தினேன். எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கதையில் யாராவது இப்படி எழுதியிருந்தால் நம்புவேனா? பத்து வயதுப் பையன் ஒரு மணி நேரத்தில் நூறு பக்கம் படிக்கிறான். ஒவ்வொரு முறையும் முதலில் முடிக்கிறான். முடிவைச் சொல்கிறான், பாதி முறை அது தவறு. கேட்டால் விளையாட்டு என்கிறான். குடும்பக் குழுவில் இன்றுவரை அவன் ஒரு வரி தட்டச்சு செய்ததில்லை. எல்லாமே குரல் பதிவு. நான் இரவு விழித்திருந்து ஆயிரக்கணக்கான பெட்டிகளின் எண்ணைச் சரிபார்த்தவன். அக்கா மருந்துக்கடையில் நின்று எந்த டாக்டர் கையெழுத்தையும் ஒரே பார்வையில் படிக்கிறவள். பக்கத்தில் படுத்திருந்தவனை நாங்கள் இருவரும் படிக்கவில்லை.

5

[இந்தப் பகுதி முழுக்கக் கிளைமாக்ஸின் கல்யாணத்தைப் பற்றி இருந்தது. நீக்கச் சொன்னான். நீக்கிவிட்டேன். உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. பந்தி பற்றிய ஒரு நகைச்சுவை மட்டும் கொஞ்சம் நன்றாக வந்திருந்தது.]

6

துண்டு எப்படி அவனிடம் போனது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆறாம் புத்தகம் வந்து வெட்டிய மறுநாள் அம்மாவுக்கும் சித்திக்கும் சண்டை. துணி காயப்போடும் கொடியில் யாருடைய புடவையை யார் ஒதுக்கிவைத்தார்கள் என்பது விஷயம். அதாவது விஷயம் அது இல்லை. மூன்று வருடம் இரண்டு அறையில் ஆறு பேர் இருந்ததுதான் விஷயம். மதியத்துக்குள் சித்தி பெட்டி கட்டிவிட்டாள். கிளைமாக்ஸை ஒரு கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவன் பள்ளிக்கூடப் பையில் மூன்றாம் துண்டு இருந்தது.

இரண்டு வருடத்தில் அம்மாவும் சித்தியும் பேசத் தொடங்கிவிட்டார்கள். துண்டுதான் திரும்பி வரவில்லை.

வேறு பிரதி வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் ஒருமுறை பழைய புத்தகக் கடையில் ஆறாம் புத்தகத்தை முழுசாகப் பார்த்தேன். அட்டை கிழியாமல், வெட்டுப்படாமல், ஏதோ வேற்று வீட்டுப் பிள்ளைபோல இருந்தது. திறக்கவில்லை. நல்ல குணத்தால் இல்லை. அக்கா "அவன் கையால தந்தாத்தான் படிப்பேன்" என்று பதினைந்து வயதில் ஒரு சட்டம் போட்டாள், முப்பத்தெட்டு வயதிலும் அதை எடுக்கவில்லை. நான் படித்துவிட்டால் அவளிடம் பொய் சொல்ல வேண்டிவரும். அவள் என் பொய்யைத் தொலைபேசியிலேயே பிடித்துவிடுவாள்.

7

கிளைமாக்ஸ் லிஃப்ட் மெக்கானிக். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் அவனைப் பிடித்தேன். லிஃப்ட் நின்றிருந்ததால் ஏழு மாடி ஏறிப் போனேன். அதற்குக் காரணமானவன் மேலே தரையில் உட்கார்ந்து ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா இங்க வரைக்கும்? யாராவது போய்ட்டாங்களா?"

"இல்ல. ஒரு கேள்வி கேட்கணும்."

"அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர எடுத்துக் குடுத்துட்டுக் கேளு."

கொடுத்தேன். "மூணாவது புத்தகத்துல ராணி செத்துட்டான்னு எப்படிடா சொன்ன?"

அவன் நட்டை இரண்டு சுற்று முறுக்கினான். "படத்துல படுத்திருந்தா."

"என்னது?"

"கடைசிக்கு முந்தின பக்கத்துல ஒரு படம். ராணி கண்ண மூடிப் படுத்திருந்தா. சுத்தி நாலு பேர் நின்னாங்க. எங்கப்பாவோட அப்பா போனப்ப அப்படித்தான் இருந்தது."

"அவ தூங்கினாடா. மறுநாள் முடிசூட்டு விழா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அத எழுத்துல இல்ல போட்டிருந்தாங்க."

மோட்டார் அறையில் உட்கார வேறு இடம் இல்லை. ஒரு கம்பிச் சுருள்மேல் உட்கார்ந்தேன்.

"எழுத்து நிக்காதுடா" என்றான். "நாலாவது மாடி பட்டன அழுத்தினா ஆறாவதுல கொண்டு போய் விடுற லிஃப்ட் இருக்கும் பாரு, அந்த மாதிரி. ஒரு வரியில ஏறுவேன். எந்த வரியில இறங்குவேன்னு எனக்கே தெரியாது."

"அப்ப ஸ்கூல்ல?"

"நீ சத்தம் போட்டுத்தானே படிப்ப. பக்கத்துல உட்கார்ந்தா போதும். உன்னால எனக்கு வரலாறு பாஸ். உனக்குக் கணக்கு வராது, அதனால எனக்கும் ஃபெயில்."

"மிதவை நகரம்?"

"அதுக்கு நீங்க ரெண்டு பேரும் இருந்தீங்களே. படகுக்காரன் மகள் ஏன் அப்படிப் பண்ணினா, கொக்கு ஏன் இப்படி எண்ணுச்சுன்னு பொழுதுக்கும் சண்டை போடுவீங்க. நான் கண்ண மூடிப் படுத்திருந்தா முழுக் கதையும் காதுல வந்து விழும். புத்தகம் நெஞ்சுல இருக்கும், அவ்வளவுதான்."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். எனக்கு அவனை இரண்டு அறை விடவேண்டும்போலவும் இருந்தது. அந்த மூன்று நாளும் அக்காவோடு சேர்ந்து நானும்தான் அழுதேன்.

"ஆறாவது மட்டும் படிச்சேன்" என்றான். "அம்மா இழுத்துட்டுப் போய்ட்டாங்க. அங்க போனா சண்டை போட யாரும் இல்ல. ஓநாய் என்ன ஆச்சுன்னு யார் சொல்லுவா? நானேதான் படிச்சாகணும்."

"எத்தன நாளாச்சு?"

"நாளா? எட்டு வருஷம்."

"நூத்துப் பன்னெண்டு பக்கத்துக்கா?"

"சில பக்கம் ரெண்டு தடவ." ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நீ இத எழுதப்போற, இல்ல?"

"இது இல்லன்னா கதையே இல்லடா."

"சரி, கேட்டுக்க. வர்ற ஞாயித்துக்கிழம அக்கா வீட்டுக்குத் துண்ட எடுத்துட்டு வரேன். நான்தான் அவளுக்கு வாசிச்சுக் காட்டுவேன். என் விஷயத்த அவளாக் கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும். உன் பத்திரிகையப் படிச்சுட்டு வந்து என் மூஞ்சியப் பார்த்து உச்சுக்கொட்டக் கூடாது."

"சரி. அவ கேட்ட பிறகு எழுதலாமா?"

"எழுதிக்க. ஆனா எழுதறதா இருந்தா முடிவு உனக்குக் கிடையாது. நீ கேட்டா அதையும் எழுதிடுவ. நான் எட்டு வருஷம் படிச்சத எவனோ பஸ்ஸுல நின்னுக்கிட்டே அரை நிமிஷத்துல தெரிஞ்சுக்கணுமா? ரெண்டுல ஒண்ணு. கதையா, முடிவா? ஞாயித்துக்கிழம சொல்லு."

8

சூழ்ச்சிக்காரனுக்கு இது சின்ன வேலை என்று நினைத்தேன். ஆளை மாற்றிவிட்டால் போதும். படிக்க வராதவன் கிளைமாக்ஸ் இல்லை, நான். உடனே எழுதினேன்:

"எனக்கு அப்போது எழுத்து நிற்காது. ஆனால் அக்காவிடமும் சித்தி மகனிடமும் நான் அதைக் காட்டிக்கொள்ளாமல்"

முழுப் பகுதியையும் வாசித்துக் குரல் பதிவாக அவனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

"டேய், கேட்டேன். நீயா? பிஸ்கட் கவர்ல இருக்கற பொடி எழுத்தக்கூட விடாம படிக்கிறவன் நீ. எவனும் நம்ப மாட்டான். அப்புறம் இன்னொண்ணு. [லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம்.] அது என்னோடதுடா. புத்தகத்துல எனக்கு மூணுல ஒரு பங்குதான் கிடைச்சது. இது முழுசா என்னோடது. உனக்கெல்லாம் தர முடியாது."

அழித்துவிட்டேன். மேலே உள்ள ஒன்றரை வரி மட்டும் தப்பியது.

அக்காவை வைத்து எழுதலாமா என்றும் ஒரு கணம் நினைத்தேன். மருந்துக்கடைக்காரிக்குப் படிக்க வராது என்று பத்திரிகையில் வந்தால் அவள் வேலை போய்விடும். எனக்கு உயிர் போய்விடும்.

9

சனிக்கிழமை. கதையா, முடிவா என்று தெரியாமல் உட்கார்ந்து, முடிவுகளை நானே உண்டாக்கிப் பார்த்தேன். நானே நன்றாக எழுதிவிட்டால் மூன்றாம் துண்டு எதற்கு?

முடிவு ஒன்று: ஓநாய் திரும்பிப் பார்த்தது. தன் வாழ்நாளில் முதல் முறையாக அது உண்மை பேசியது. [பதினைந்து வயதில் அக்கா சொன்னது. இருபத்து மூன்று வருடமாக இதையேதான் சொல்கிறாள். உண்மை பேசினால் அது பிறகு ஓநாயாக இருக்குமா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.]

முடிவு இரண்டு: தன் வாழ்நாளில் முதல் முறையாக அது பேசாமல் இருந்தது. [என்னுடையது. ஆழமாக இருப்பதாக நேற்றுவரை நம்பினேன். காலையில் படித்தால், எழுத வராதவன் எழுதியதுபோல இருக்கிறது.]

முடிவு மூன்று: கிளைமாக்ஸ் துண்டைக் கொண்டுவருகிறான். திறந்தால் பாதிப் பக்கங்களைக் கறையான் தின்றிருக்கிறது. மூவரும் சிரித்து, கட்டிக்கொண்டு [இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. இடமும் இருந்ததில்லை.]

முடிவு நான்கு: நான் ஞாயிற்றுக்கிழமை "எழுதவில்லை" என்று பொய் சொல்கிறேன். முடிவைக் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் எழுதுகிறேன். [நேர்மையாகச் சொன்னால், இதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். காது சிவந்தது.]

உங்களில் சிலரிடம் முழு ஆறாம் புத்தகம் இருக்கலாம். ஓநாய்க்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தயவுசெய்து எனக்குக் கடிதம் போடாதீர்கள். படிக்காதவர்கள் எந்த முடிவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எண் இரண்டைத் தவிர.

10

ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டு முன்னறை. காலை பத்து மணி. கிளைமாக்ஸ் துண்டை லிஃப்ட் உதிரிப்பாகம் வந்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். பின்னட்டை இருந்தது. முனைகள் சுருண்டிருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு. சில சொற்கள் இரண்டு மூன்றாக வெட்டிப் பிரிக்கப்பட்டிருந்தன.

அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "குடு, நான் வாசிக்கிறேன். நீ வேணும்னே மெதுவா வாசிப்ப."

"ஆமாக்கா. மெதுவாத்தான் வாசிப்பேன்."

அவன் தரையில் சம்மணம்போட்டு உட்கார்ந்தான். துண்டை மடியில் வைத்தான். முதல் சொல்லின் கீழே விரலை வைத்தான். நகத்தில் கிரீஸ் இருந்தது. வாசிக்கவில்லை. உதட்டை மட்டும் ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டான்.

அக்கா அந்த விரலைப் பார்த்தாள். பென்சில் கோடுகளைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள். எந்தக் கையெழுத்துக்கும் அவளுக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை.

"எப்ப இருந்துடா?" என்றாள்.

"அப்ப இருந்தே."

அவள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். அவசரத்தில் பிடுங்கிவிடுமோ என்று அவளுக்கே தன் கைகள்மேல் நம்பிக்கை இல்லை.

"முழுசும் வாசிக்க எவ்வளவு நேரமாகும்?"

"இன்னிக்கு முடியாதுக்கா."

"சரி. கடைக்கு ஃபோன் போட்டு நாளைக்கும் லீவு சொல்லிடறேன். நீ அவசரப்படாத."

நான் சுவரோரம் இருந்த நாற்காலியில், மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். மறந்துவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. கிளைமாக்ஸ் தலையைத் தூக்கினான்.

"நீ என்ன முடிவு பண்ண? கதையா, இதுவா?"

"என்ன கதை?" என்றாள் அக்கா.

"உன் தம்பி என்னைப் பத்திப் பத்திரிகையில எழுதறாராம்."

பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே சொல். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாள்கள் நான் அசையும்போதெல்லாம் சரசரத்தன. அவன் விரல் இன்னும் அந்த முதல் சொல்லின் கீழேயே இருந்தது. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் எனக்குத் தலைகீழாக அதன் கடைசி எழுத்து மட்டும் தெரிந்தது. கண்ணைத் திருப்பிக்கொண்டேன். எட்டு வருடம் படித்தவன் முன்னால் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கே கூச்சமாக இருந்தது.

"முக்கால்வாசி எழுதிட்டேன்" என்றேன்.

"அப்ப எந்திரி" என்றாள் அக்கா.

"அக்கா, நீயே சொல்லு. நடுத்துண்டு என்னோடது. அந்த வாக்கியத்துல பாதி என்கிட்டதான் இருந்தது. மிச்சப் பாதிய மட்டும் கேட்டுட்டுப் போய்டறேன்."

"அதையும் எழுதுவ."

"எழுத மாட்டேன்."

"காது சிவக்குதுடா."

கிளைமாக்ஸ் தலையைக் குனிந்து சிரித்தான். விரலை எடுக்கவில்லை. அக்கா கைகளை விடுவித்துக்கொண்டு எழுந்து வந்து என் தோளைப் பிடித்து வாசல்வரை நடத்தினாள். ஒரு செருப்பை மாட்டுவதற்குள் இன்னொன்றைக் காலால் வெளியே தள்ளினாள். "சாயங்காலமா வந்து எங்க ரெண்டு பேருக்கும் சாப்பிட ஏதாவது வாங்கிக் குடுத்துட்டுப் போ. கதவைத் தட்டிட்டு வெளியவே நில்லு" என்றாள்.

படியில் இறங்கி, இரண்டாவது செருப்பை மாட்டக் குனிந்தேன். எனக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அது போதாதென்று சாவியும் ஒரு சுற்றுச் சுற்றியது.